வெறும் வயிற்றில்தானே?

ஜூன் 9, திங்கள்

இன்றும் மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் விழுங்கினேன்.

சீட்டில் டாக்டர் அடிக்கோடு போட்டே எழுதியிருக்கிறார்: வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ ஒரு மணி நேரம் பின்போ. காலை ஒன்று, மாலை ஒன்று. முதல் இரண்டு நாள் அப்படித்தான் செய்தேன். குடல் வாய்க்கு வந்துவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து நாலு வாய் சாப்பாடு, மாத்திரை, மறுபடி சாப்பாடு. வயிறு சமாதானமாகிவிட்டது. எந்த வாசல் வழியாக வந்தால் என்ன, வகுப்புக்குள் வந்துவிட்ட பிள்ளைக்கு வருகை போட வேண்டியதுதானே?

இருபது நாள் ஆகிறது. இருமல் குறையவில்லை. காலையில் கைக்குட்டையில் மெல்லிய சிவப்பு நூல்.

சின்ன வயதில் வந்துபோன காசநோய் வலது நுரையீரலில் ஒரு பொந்தை விட்டுப்போயிருக்கிறது. அதில் இப்போது பூஞ்சை குடிவந்திருக்கிறதாம். முப்பத்தாறு வருடம் சாக்பீஸ் தூள் தின்ற இருமல் என்றே நான் நினைத்திருந்தேன். ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று என் வீட்டுக்காரர் சொன்னார்: “ரொட்டியிலதான் பூஞ்சை புடிக்கும்னு நெனச்சேன். டீச்சரையும் விடலையே.” ஆயுள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனிதர். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களைச் சிரிக்க வைத்தே பழக்கம்.

ஜூன் 12, வியாழன்

காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுத்தார்கள். மருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளக்கிறார்களாம். எனக்கு இது புதிது. மாத்திரைக்கும் பரீட்சை.

ஜூன் 19, வியாழன்

பொய் சொல்லிவிட்டேன்.

அளவு ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டுமாம். எனக்கு 0.4. பொந்தும் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. டாக்டர் என் மகளைவிடச் சின்னப் பெண். தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “வெறும் வயித்துலதானே சாப்பிடறீங்கம்மா?”

“ஆமா.”

யோசிக்கவே இல்லை. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை “நோட்டு வீட்டுல இருக்கு மிஸ்” என்று சொல்வதுபோல அதுபாட்டுக்கு வந்துவிட்டது. எத்தனை பிள்ளைகளை இதற்காக நிற்க வைத்திருப்பேன்.

அந்தப் பெண் நம்பிவிட்டார். “டீச்சராச்சே, கரெக்டாதான் இருப்பீங்க,” என்றார். உடம்பு வேகமாகக் கழிக்கிறது போலிருக்கிறது என்று சொல்லி, ஒன்று என்பதை ஒன்றரை ஆக்கினார். இதுவும் ஏறவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, நரம்பு வழியாக வேறு மருந்து, வாரக்கணக்கில். அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

வெளியே வந்ததும் திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நின்றேன். அடுத்தவர் உள்ளே போய்விட்டார். வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

இனி ஒழுங்காக. காலை ஆறுக்கு மாத்திரை, ஏழுக்குச் சாப்பாடு. மாலை ஆறு, ஏழு. அலாரம் வைத்திருக்கிறேன். நேற்றைய பொய்யை இன்றிலிருந்து உண்மையாக்கிவிட்டால் போயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

வயிறு நெருப்பாக எரிகிறது. அவர் மருந்துக்கடைக்குப் போய் வயிற்றெரிச்சலுக்கு ஒரு பட்டை மாத்திரை வாங்கி வந்தார். “கடைக்காரர் தானே தினம் போடறாராம். ஒண்ணும் பண்ணாது.” போட்டேன். எரிச்சல் நின்றது. டாக்டரிடம் கேட்கலாமா என்றேன். “எரிச்சல் எதனாலன்னு கேப்பாங்க,” என்றேன் நானே. கேட்கவில்லை.

ஜூன் 25, புதன்

மாத்திரை போட்ட அரை மணியில் வெள்ளை எல்லாம் விளக்குப் போட்டதுபோல் ஆகிறது. அவருடைய பனியன் சுவரைவிட்டுத் தனியாக மிதக்கிறது. கண் கொஞ்சம் கூசும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். பயப்படவில்லை. மாத்திரை வேலை செய்கிறது என்று சந்தோஷம்கூட.

ஜூன் 28, சனி

இதை எழுதலாமா வேண்டாமா.

காலை பத்து மணி இருக்கும். துணி காயப் போட பால்கனிக்குப் போனேன். எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிறார்கள். நாற்பது பிள்ளைகள் சேர்ந்து சொன்னால் ஒரு இழுவை வருமே, அதே இழுவை. பதிமூன்றாம் வாய்ப்பாடு. “பதிமூணு ஏழு தொண்ணூத்தி மூணு.”

தொண்ணூற்று ஒன்று. தப்பாகச் சொல்கிறார்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், மறுபடி ஏழில் தப்பு. திருத்த வேண்டும் என்று நாக்கு துடித்தது. அப்புறம்தான் உறைத்தது. இன்று சனிக்கிழமை. பக்கத்தில் பள்ளிக்கூடமே கிடையாது. தொட்டிக்குள் எப்படிப் பிள்ளைகள் இருப்பார்கள்.

அவரைக் கூப்பிட்டு, “என்னமோ சத்தம் கேக்குதுல்ல?” என்றேன்.

“பம்பு ஓடுது. பேரிங் போச்சு. ஆறு மாசமா சொல்றேன், எவன் கேக்கறான்.”

பம்பு ஓடுவதும் எனக்குக் கேட்டது. அதற்கு மேல்தான் வாய்ப்பாடு.

அக்காவுக்கு இப்படித்தானே ஆரம்பித்தது.

ஜூன் 29, ஞாயிறு

அக்காவுக்கு அறுபத்தாறு வயதில் வந்தது. எனக்கு அறுபத்தைந்து.

முதலில் தரையில் தண்ணீர் ஓடுகிறது என்று புடவையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நாங்கள் சிரித்தோம். ஒரு வருடத்தில் சொந்த மகனை “யாருங்க, என்ன வேணும்?” என்று கேட்டாள். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். நான் கடைசியாகப் போய் எட்டு மாதம் ஆகிறது. என் இருமல் அங்கே இருப்பவர்களுக்குத் தொற்றிவிடும் என்று சொல்லிக்கொள்கிறேன். தொற்றாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் அவளைப் பார்க்கப் பயம். கடைசியாகப் போனபோது அவளைப் பழையபடி ஆக்கிவிடலாம் என்பதுபோலக் கணக்குக் கேட்டேன். ஏழும் எட்டும் எவ்வளவுக்கா? எவ்வளவுக்கா? அழுதுவிட்டாள்.

ஜூன் 30, திங்கள்

என்னை நானே சோதித்தேன். நூறுக்குள் பகா எண்கள். முப்பது வரை வர்க்கங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல். எல்லாம் சரி. சிவப்பு மையால் நானே திருத்தி இருபதுக்கு இருபது போட்டேன்.

கணக்கு சரியாக வந்தால் மூளை சரி என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அக்கா இன்றும் புடவையை மடிப்புக் கலையாமல் மடிப்பாளாம்.

ஜூலை 1, செவ்வாய்

இன்றும் தொண்ணூற்று மூன்று.

ஜூலை 2, புதன்

மகள் போன் செய்தாள். “ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?” இருமல் என்றேன். “அப்பா கிட்ட குடு.” அவர் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டார். கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற ஆள் இல்லையே அவர். என்ன பேசினார்?

மத்தியானம் என்னை அறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன்: “தொண்ணூத்தி ஒண்ணுடா.” அவர் பேப்பரைத் தாழ்த்தினார்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. ஒரு கணக்கு.”

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

இன்னிக்கு நடந்ததை எழுதிடறேன். நாளைக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ.

படி இறங்கறேன். ரெண்டாவது மாடித் திருப்பத்துல ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. யூனிஃபார்ம், ரெட்டைச் சடை, மடியில நோட்டு. “கொஞ்சம் நகரும்மா,” சொன்னேன். நகரல. மறுபடி சொன்னேன். கீழ் வீட்டு அம்மா கையில வாளியோட நின்னு என்னையே பாக்கறாங்க. “யார் கிட்ட பேசறீங்க டீச்சர்?”

திரும்பிப் பார்த்தேன். படிதான் இருக்கு.

“செல்போன்ல,” சொன்னேன். செல்போன் வீட்டுல. ரெண்டு கையும் வெறும் கை. அவங்களுக்கும் தெரியும்.

இன்னொரு பொய்.

மாலை

பூதக்கண்ணாடி வைத்து மாத்திரை அட்டைப்பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தேன். எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. விரலால் அழுத்தி அழுத்திப் படித்தேன். பக்க விளைவுகளில் மூன்றாம் பத்தியில் இருக்கிறது: இல்லாததைக் காணுதல், இல்லாததைக் கேட்டல். மருந்து ரத்தத்தில் அதிகம் சேர்ந்தால் வரலாம்.

அப்படியானால் இது மாத்திரையாக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான்.

டாக்டரிடம் சொன்னால் ரத்தம் எடுப்பார். அளவு அதிகம் என்று வந்தால் தப்பித்தேன். சாதாரணமாக இருந்தால்? அப்புறம் ஒரே ஒரு காரணம்தான் மிச்சம். அந்தத் தாளை என் கையில் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்து யார் பேசுவார்கள்? அவரிடம்தான் சொல்வார்கள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவள் தலைக்கு மேலே நாங்கள் பேசினோமே, அந்த மாதிரி.

மாத்திரையை நானே நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் பொந்து. இன்று கைக்குட்டையில் நூல் இல்லை, திட்டு.

ஆறு மணி அலாரம் அடித்தது. ஒன்றரை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எது பெரிய பயம் என்று தெரியவில்லை. விழுங்கிவிட்டேன்.

ஜூலை 5, சனி

அவரே கேட்டுவிட்டார். காலையில் டீ டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

“ஒரு வாரமா நீ சுவத்து கிட்ட பேசிட்டிருக்க. நான் பாத்தேன். பொண்ணு கிட்டயும் சொல்லிட்டேன். உன்கிட்டதான் சொல்ல தைரியம் வரல.”

அழுகை வரவில்லை. எல்லாம் சொன்னேன். தொட்டி, வாய்ப்பாடு, படியில் உட்கார்ந்த பெண். அக்கா. பிறகு எல்லாவற்றிலும் கஷ்டமானது: கிட்டத்தட்ட ஒரு மாதம் சாப்பாட்டோடு போட்டது, டாக்டரிடம் ஆமா என்றது.



“இவ்வளவுதானா? நீ பேய் புடிச்சவ மாதிரி மூஞ்சிய வெச்சிருந்த. நான் என்னென்னமோ நெனச்சேன்.”

“டாக்டர் என்ன நெனப்பாங்க?”

“என்ன நெனப்பாங்க. பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெப்பாங்களா? வெச்சா நானும் பக்கத்துல ஏறி நிக்கறேன். அந்த வயித்து மாத்திரை வாங்கித் தந்தது நான்தான்.”

அதை நான் மறந்தே போயிருந்தேன்.

டாக்டர் திங்கள்தான் வருவார். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். விஷயத்தைக் கேட்ட நர்ஸ், டாக்டரிடம் பேசிவிட்டுத் திரும்ப அழைத்தார்: இன்றிலிருந்து மாத்திரை வேண்டாம், உடனே வந்து ரத்தம் மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள், தனியாக விடாதீர்கள். கொடுத்துவிட்டு வந்தோம். ஊசி குத்திய இடத்துப் பஞ்சை விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். என் விதி அந்தச் சின்னக் குழாயில் போகிறது என்று தோன்றியது.

ஜூலை 6, ஞாயிறு

காத்திருக்கிறேன். குளிக்கும்போதுகூட அவர் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். “இருக்கியா?” “இருக்கேன்.” “யாரு கூட?” சிரித்துவிட்டேன். பிறகு குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 7, திங்கள்

8.1.

ஐந்தரைக்கு மேல் போனாலே மூளைக்கு ஆகாதாம். 8.1. யாருடைய விடைத்தாளிலும் ஓர் எண்ணை இவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

டாக்டரிடம் என் வாயாலேயே சொன்னேன். வீட்டுக்காரர் முன்கூட்டியே போனில் சொல்லிவிடுகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகச் சொன்னேன்: “அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு நான் பொய் சொன்னேன்.” பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார் அந்தப் பெண். அவர் முகம் மாறியது. கோபமா பயமா, தெரியவில்லை. “நான் அத நம்பி டோஸ ஏத்திட்டேனேம்மா,” என்றார். அதைவிட என்னைத் திட்டியிருக்கலாம்.

பிறகு பொறுமையாக விளக்கினார். சாப்பாட்டோடு போட்டால் இந்த மருந்து குடலிலிருந்து ரத்தத்துக்கு முழுதாக ஏறாது. அதனால்தான் அன்று 0.4. அளவைக் கூட்டினார். அதே சமயம் நான் வெறும் வயிற்றுக்கு மாறினேன். இரண்டும் சேர்ந்துகொண்டது. போதாததற்கு வயிற்று மாத்திரை.

“ஒண்ணு ஒண்ணரை ஆனா ரத்தத்துலயும் ஒண்ணரை மடங்குதானே ஆகணும்?” என்று கேட்டேன். கணக்கு டீச்சர் அல்லவா. விகிதம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

“இந்த மருந்துக்கு அந்தக் கணக்கு செல்லாதும்மா. இத சிறுநீரகம் கழிக்கறதில்ல, கல்லீரல்தான் உடைச்சு அனுப்பணும். அதோட வேலைக்கு ஒரு எல்லை இருக்கு. அதத் தாண்டினா கொஞ்சம் கூட்டினாலும் எக்கச்சக்கமா தேங்கிடும்.”

நான் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் முந்திக்கொண்டார்.

“லிஃப்ட் மாதிரி. நிமிஷத்துக்கு ஒரு தடவ, தடவைக்கு ஆறு பேர். நிமிஷத்துக்கு ஆறு பேர் வந்தா ஒருத்தரும் நிக்க வேண்டாம். எட்டு பேர் வந்தா? ரெண்டு பேர்தானே கூடன்னு நெனப்பீங்க. அரை மணியில கீழ அறுபது பேர் நிப்பான்.”

“அதேதான் சார்,” என்றார் டாக்டர்.

“அந்த வயித்து மாத்திரை?” என்று வீட்டுக்காரர் இழுத்தார்.

“அதயும் அதே லிஃப்ட்தான் ஏத்திட்டுப் போகணும். ரெண்டு எடம் போச்சு.”

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஆளை மாட்டிவிட்டவனே மெக்கானிக் என்று முணுமுணுத்தார்.

கடைசியில் நான் கேட்டேன். கேட்காமல் எழுந்திருக்க முடியவில்லை. “அப்போ இது எங்க அக்காவுக்கு வந்தது இல்லையே?”

டாக்டர் உடனே இல்லை என்று சொல்லிவிடவில்லை. “மருந்து இறங்கட்டும். சத்தமும் உருவமும் கூடவே போயிட்டா மருந்துதான். ஒரு வாரம் பாப்போம்.”

ஒரு வாரம்.

ஜூலை 8, செவ்வாய்

வாய்ப்பாடு கேட்கிறது. ஆனால் தூரத்தில், ஜன்னல் சாத்திய வகுப்பு மாதிரி.

ஜூலை 9, புதன்

காலையில் இல்லை. மாலையில் இருந்ததா, நான் தேடியதால் கேட்டதா?

ஜூலை 11, வெள்ளி

வேண்டுமென்றே பால்கனியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பம்பு ஓடியது. பேரிங் உண்மையிலேயே போய்விட்டது. பல்லைக் கூச வைக்கிற சத்தம். அது மட்டும்தான். நிம்மதி வரவில்லை. நாளைக்கு வந்துவிட்டால்? படியில் இறங்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, பார்த்து, காலை வைக்கிறேன். பாவம், கீழ் வீட்டு அம்மாவிடம் எனக்கு முழங்கால் வலி என்று சொல்லி வைத்தேன். சொன்ன வாயோடு, “இல்லீங்க, அது பொய்,” என்று நடந்ததையும் சொல்லிவிட்டேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடியும் கூடவே இறங்கினார்.

ஜூலை 14, திங்கள்

மூன்று நாளாக ஒன்றும் இல்லை. மறு பரிசோதனையில் 1.2. டாக்டர் இன்றுதான் சிரித்தார். நாளையிலிருந்து மறுபடி மாத்திரை. பழையபடி ஒன்று, வெறும் வயிற்றில், வயிற்று மாத்திரை இல்லாமல். குமட்டினால் உடனே போன் செய்ய வேண்டும்.

மறுபடியா என்று தோன்றியது. ஆனால் பொந்து எனக்காகக் காத்திருக்காதே.

ஜூலை 15, செவ்வாய்

ஆறு மணிக்குப் போட்டேன். ஏழு மணி வரை அவர் பனியனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பிரகாசித்தது. மிதக்கவில்லை.

“என்ன அப்படிப் பாக்கற?”

“பழசாயிடுச்சா இல்லையான்னு பாக்கறேன்.”

“நானா, பனியனா?”

ஜூலை 28, திங்கள்

அளவு 2.9. எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறதாம். சிவப்பு நூல் ஐந்து நாளாக இல்லை.

டாக்டர் கேட்டார், “வெறும் வயித்துலதானே?” கேட்டுவிட்டு அவருக்கே சங்கடம். நான் சொன்னேன்: செவ்வாய் மாலை பசி தாங்காமல் நாற்பது நிமிடத்திலேயே சாப்பிட்டுவிட்டேன், சனிக்கிழமை காலை மாத்திரை இரண்டு மணி நேரம் தாமதம். எழுதிக்கொண்டார். “இது போதும்மா, இத வெச்சு நான் பாத்துக்குவேன்,” என்றார்.

பயம் போய்விட்டதா? இல்லை. புதிதாக ஒரு சத்தம் கேட்டால் முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறேன். அவருக்கும் கேட்டதா என்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இரண்டு பஸ் மாறி அக்காவைப் பார்க்கப் போனேன். தனியாகப் போகிறேன் என்றேன். அவர் ஸ்டாப் வரை வந்து நின்றுவிட்டார்.

நடைகூடத்து ஜன்னலோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப மெலிந்துவிட்டாள். தலையை யாரோ ஒழுங்காக வாரிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் யார் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கணக்கும் கேட்கவில்லை. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொள்ள விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து என் தோளுக்கு மேலே யாரையோ பார்த்தாள். முகம் மலர்ந்தது. “தள்ளி உக்காரேன். அவங்க எவ்வளவு நேரம் நிப்பாங்க?” என்றாள் என்னிடம்.

திரும்பிப் பார்த்தேன். நன்றாக, நிதானமாகப் பார்த்தேன். எனக்கு யாரும் தெரியவில்லை.

தள்ளி உட்கார்ந்தேன்.